பாக் எழுதியதன் மேல் இன்னொருவர் கை வைக்கலாமா?

கேள்வி இதுதான்: 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் யொஹான் செபாஸ்டியன் பாக்கின் இசை ஏற்கெனவே முழுமையாக இருக்கும்போது மெண்டல்சன், பிராம்ஸ், புசோனி, வெபர்ன் என்று பின்னால் வந்த இசையமைப்பாளர்கள் ஏன் அதை எடுத்து வேறு கருவிக்கும் வேறு உருவத்துக்கும் மாற்றினார்கள்? அது மரியாதையா, அத்துமீறலா? கூடவே ஒரு துணைக்கேள்வி: புதிதாகக் கேட்க ஆரம்பிக்கிறவர் மூலத்தைக் கேட்பதா, இந்த மாற்று வடிவங்களைக் கேட்பதா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கை வைக்கலாம். வைத்தவர்களில் பலர் நமக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் செய்தது ஒரே வேலை இல்லை. பாக்கின் நல்ல படைப்பு எதை எடுத்தாலும் அதற்குள் ஒரு கடினம் உட்கார்ந்திருக்கும், வாசிப்பவருக்கோ கேட்பவருக்கோ அது லேசில் வழிவிடாது. சிலர் அந்தக் கடினத்தை நீவிச் சமப்படுத்திக் கொடுத்தார்கள். சிலர் அதே கடினத்தைத் தங்கள் காலத்துக் கருவியை வைத்துக்கொண்டு தாங்களும் சுமந்து பார்த்தார்கள். இரண்டாவது வகைதான் இன்றும் கேட்கத் தகுந்ததாக இருக்கிறது என்பது என் கருத்து. முதல் வகையிலும் ஒரு பெரிய விதிவிலக்கு உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

அதற்கு முன்னால் பாக்கே என்ன செய்தார் என்று பார்த்துவிட வேண்டும். அவர் எழுதியது எழுதியபடியே பூட்டி வைக்கப்பட வேண்டும் என்று நினைப்பவர்கள் அவருடைய சொந்தப் பழக்கத்தைக் கவனிப்பதில்லை. விவால்டி நான்கு வயலின்களுக்கு எழுதிய பி மைனர் கான்செர்ட்டோ (தனிக்கருவிகளும் குழுவும் மாறி மாறி வாசிக்கும் படைப்பு) ஒன்று 1711இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான தொகுப்பில் வந்தது. பாக் அதை ஏ மைனருக்கு இறக்கி, நான்கு ஹார்ப்சிகார்டுகளுக்கு (பியானோவுக்கு முந்தைய கீபோர்டு கருவி) மாற்றி எழுதினார். பெர்கோலேசி என்ற இத்தாலியர் 1736இல் தன் 26ஆம் வயதில் இறந்துபோனார். சிலுவையடியில் நிற்கும் மரியாளின் துயரத்தைச் சொல்லும் லத்தீன் பாடலுக்கு அவர் அமைத்த இசை ஐரோப்பா முழுக்கப் பரவியது. 1740களில் அதை எடுத்த பாக், 51ஆம் சங்கீதத்தை ஜெர்மன் செய்யுளாக்கிய சொற்களை அந்த மெட்டுகளில் பொருத்தினார். கத்தோலிக்கப் பாடல் லூத்தரன் கோவிலுக்கு வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. பெர்கோலேசியிடம் வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி) பெரும்பாலும் கீழ்ச்சுருதியையே பின்தொடர்ந்து போகும். பாக்கால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, வியோலாவுக்குத் தனியாக ஒரு வழி போட்டுக்கொடுத்தார். ஒரு குரல், அதாவது இசைக்குள் தனியாக நகரும் ஒரு வரி, வேலையில்லாமல் நிற்பது அவருக்குப் பொறுக்காது.

தன்னுடையதையும் அவர் விட்டுவைக்கவில்லை. தனி வயலினுக்கான மூன்றாவது பார்ட்டிட்டாவின் (பெரும்பாலும் நடன வடிவங்களைக் கோத்த தொகுப்பு) முதல் பகுதியை, அந்த ஈ மேஜர் பிரிலூடை, நிறையப் பேர் கேட்டிருப்பீர்கள். மூச்சு விடாமல் ஓடும் ஒற்றை வயலின். 1731இல் லைப்சிக் நகர மன்றப் பதவியேற்பு வழிபாட்டுக்கு ஒரு கான்டாட்டா (குரலும் கருவிகளும் சேர்ந்த வழிபாட்டு இசை) தேவைப்பட்டபோது அதே ஓட்டத்தை டி மேஜருக்கு மாற்றி ஆர்கனிடம் கொடுத்து, சுற்றிலும் தந்திக்கருவிகள், டிரம்பெட்டுகள், டிரம் எல்லாம் சேர்த்துவிட்டார். தனியாக ஒருவர் நின்று வாசித்தது ஊர்த் திருவிழா ஆகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள், எது உண்மையான வடிவம் என்ற கேள்வியே உதிர்ந்துவிடும். நம் பக்கத்தில் இளையராஜா 1986இல் 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பில் (தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பித்தது) 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டுக்கு எடுத்துக்கொண்டதும் இதே பிரிலூடைத்தான். எந்தப் பிரிலூட் மேலே இன்னும் குரல்களை ஏற்ற இடம் கொடுக்கும் என்று பாக்கே ஏற்கெனவே ஒருமுறை காட்டியிருந்தார், ராஜாவின் காது அங்கேயே போய் நின்றிருக்கிறது.

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். பின்வந்தவர்களின் குணத்தையெல்லாம் ஒரே படைப்பை வைத்து அளக்க வேண்டுமென்றால் அது டி மைனர் பார்ட்டிட்டாவின் கடைசிப் பகுதியான ஷாக்கோன்தான். 1720 என்று தேதியிட்டு பாக் தன் கையால் எழுதிய பிரதி இன்றும் இருக்கிறது. அப்போது அவர் கோதன் நகரில் லியோபோல்ட் இளவரசரிடம் வேலை பார்த்தார். நான்கு பார் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) நீளமுள்ள ஒரு கீழ்நோக்கி இறங்கும் அடித்தளம், அதன் மேல் திரும்பத் திரும்ப வேரியேஷன்கள், முதலில் மைனர், நடுவில் மேஜர், மறுபடியும் மைனர். கால்மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். அந்தப் பார்ட்டிட்டாவின் மற்ற நான்கு பகுதிகளையும் சேர்த்தால் கிட்டத்தட்ட இந்த நீளம் வரும்.

இதில் கடினம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரை வளைவானது, அதனால் வில் ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளைத்தான் இழுத்து நிறுத்த முடியும். ஷாக்கோனோ தொடக்கத்திலேயே மூன்று ஸ்வர, நான்கு ஸ்வர கார்டுகளை, அதாவது ஒன்றாக ஒலிக்க வேண்டிய ஸ்வரக் கொத்துகளை, கேட்கிறது. வாசிப்பவர் கீழ் ஸ்வரங்களைத் தொட்டுவிட்டு உடனே மேலே தாவ வேண்டும், தொட்டுவிட்ட கீழ் ஸ்வரம் அறையில் ஒலிக்காமல் போனபிறகும் நம் காதில் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். அதாவது பாதி இசையைக் கேட்பவர்தான் வாசிக்கிறார். பிறகு வேகமான ஓட்டங்கள் வரும்போது கார்டுகளே இருக்காது, ஒற்றை வரிதான் ஓடும், ஆனால் அடியில் அந்த நான்கு பார் அடித்தளம் நகர்கிறது என்று நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். இல்லாததைக் கேட்க வைப்பதுதான் இந்தப் படைப்பின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இருந்தவர்களுக்கு இது புரியவில்லை என்று சொல்வது அநியாயம். ஆனால் அவர்களுடைய மேடைக்கு இது பொருந்தவில்லை. துணைக்கு யாரும் இல்லாமல் ஒரு வயலின்காரர் மேடையில் கால்மணி நேரம் நிற்பது அன்றைய ரசிகர்களுக்கு அரைகுறை விஷயமாகத் தெரிந்தது. 1840இல் லைப்சிக் கெவாண்ட்ஹவுஸ் இசையரங்கில் ஃபெர்டினாண்ட் டேவிட் என்ற வயலின்காரர் ஷாக்கோனை வாசித்தபோது மெண்டல்சன் பியானோவில் உட்கார்ந்து துணை வாசித்தார். அந்தத் துணைப்பகுதி 1847இல் அச்சில் வந்தது. ஷூமான் இன்னும் ஒரு படி மேலே போய், 1850களின் தொடக்கத்தில் ஆறு தனி வயலின் படைப்புகளுக்கும் பியானோ துணை எழுதிவிட்டார். இரண்டையும் கேட்டிருக்கிறேன். மெண்டல்சன் எழுதியது நளினமானது, ஷூமான் எழுதியது அடக்கமானது, பாக்கின் ஒரு ஸ்வரத்தைக்கூட அவர்கள் மாற்றவில்லை. ஆனாலும் எனக்கு ஒட்டவில்லை. நம் காது தானாகக் கட்டியெழுப்ப வேண்டிய ஹார்மனியைப் பியானோ முன்கூட்டியே போட்டு நிரப்பிவிடுவதால், வயலின் எதற்காக இவ்வளவு போராடுகிறது என்றே தெரியாமல் போகிறது. விடையைப் பக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டுக் கணக்கைப் போடச் சொல்கிற மாதிரி. பிறகு யோவாகிம் போன்ற வயலின் மேதைகள் இதைத் தனியாகவே வாசித்து வாசித்து ரசிகர்களைப் பழக்கினார்கள், துணைப்பகுதிகள் மெல்ல மேடையை விட்டு இறங்கின.

பிராம்ஸ் செய்தது வேறு. 1877 கோடையில் ஆஸ்திரியாவின் பெர்ட்சாக் என்ற ஏரிக்கரை ஊரிலிருந்து பியானோ கலைஞரும் ஷூமானின் மனைவியுமான கிளாரா ஷூமானுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஒரு சின்னக் கருவிக்காக, ஒற்றை வரியில், இந்த மனிதர் ஆழ்ந்த சிந்தனைகளும் பெரும் உணர்ச்சிகளும் நிறைந்த ஒரு முழு உலகத்தையே எழுதி வைத்திருக்கிறார், இதை நான் எழுதியிருந்தேன் என்று கற்பனை செய்தாலே அந்தப் பரவசமும் அதிர்ச்சியும் என்னைப் பைத்தியமாக்கியிருக்கும் என்கிற பொருளில் போகிறது அந்தக் கடிதம். வயலின்காரர் பக்கத்தில் இல்லாதபோது இதை அனுபவிக்க எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது, இடது கையால் மட்டும் பியானோவில் வாசிப்பது, அப்போதுதான் நானும் ஒரு வயலின்காரன் மாதிரி உணர்கிறேன் என்கிறார். அப்படி ஒற்றை இடது கைக்கு எழுதிய பிரதியைத்தான் அவர் கிளாராவுக்கு அனுப்பினார்.

இது எவ்வளவு நுட்பமான முடிவு என்று யோசித்துப் பாருங்கள். பியானோவில் பத்து விரலும் இருக்கின்றன. நான்கு ஸ்வர கார்டு என்பது பியானோவுக்கு ஒரு பொருட்டே இல்லை. இரண்டு கையாலும் வாசித்தால் ஷாக்கோன் சுலபமாகிவிடும், சுலபமான அந்த நிமிடமே அது செத்துவிடும். அதனால் பிராம்ஸ் வலது கையை மடியில் வைத்துவிட்டு இடது கை ஒன்றையே கீழிருந்து மேலே தாவவிட்டார். வயலின் வில் எப்படித் தொட்டுவிட்டு ஓடுகிறதோ அப்படியே இடது கையும் தொட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. ஒலி ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறங்கியிருக்கிறது, மற்றபடி பாக் எழுதியதோடு கிட்டத்தட்ட ஒட்டியே போகிறது. பாக்கின் ஸ்வரங்களை மட்டுமல்ல, பாக் வயலினுக்கு வைத்த நெருக்கடியையும் சேர்த்து இன்னொரு கருவிக்குக் கொண்டுவந்த மாற்றம் இது. நானறிந்த எல்லா பாக் மாற்றங்களிலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். (கடிதம் வந்த சமயத்தில் கிளாரா ஒரு மேசை இழுப்பறையைத் திறக்கப்போய் வலது கையில் தசைநார் பிசகி அவதிப்பட்டுக்கொண்டிருந்தார். இடது கைக்கு மட்டுமான இசை அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்ததில் அவருக்கு ஏக மகிழ்ச்சி.)

புசோனி நேர் எதிர்ப்பக்கம் போனவர். அமெரிக்காவில் இருந்தபோது, இருபதுகளின் நடுவயதில், ஷாக்கோனை முழுப் பியானோவுக்கு எழுதி 1893இல் பாஸ்டனில் வாசித்தார். இதில் வயலினே இல்லை. ஒரு பெரிய கோவிலின் ஆர்கனும் ஆர்கெஸ்ட்ராவும்தான் இருக்கின்றன. கார்டுகள் பருக்கின்றன, ஆக்டேவ்கள் குவிகின்றன, பாக் எழுதாத உள்குரல்கள் நுழைகின்றன. மேஜர் பகுதி ஆரம்பிக்கிற இடத்தில் டிரோம்போன்களைப் போல வாசிக்கவும் என்று இத்தாலிய மொழியில் குறிப்பே எழுதி வைத்திருக்கிறார். நான் மேலே சொன்ன அளவுகோலின்படி இது தோற்க வேண்டும், காலியிடத்தையெல்லாம் அவர் நிரப்பிவிட்டாரே. ஆனால் தோற்கவில்லை. மெண்டல்சனும் ஷூமானும் வயலினை மேடையில் நிறுத்திவிட்டு அதற்குப் பக்கத்தில் ஊன்றுகோல் வைத்தார்கள். புசோனி வயலினை முழுக்க விட்டுவிட்டு, அதைக் கேட்கும்போது ஒருவர் மனதுக்குள் எழுகிற பிரம்மாண்டத்தை மட்டும் எடுத்து எழுதினார். வாசிப்பவருக்கு இதிலும் தப்பிக்க வழியில்லை, பியானோவின் எல்லை வரைக்கும் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒரு சிந்தனையைத் தாளில் எழுதுவதே அதன் முதல் மாற்றம்தான் என்பது புசோனியின் கொள்கை, 1907இல் வெளியிட்ட சிறுநூலில் அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். அந்தக் கொள்கையை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு, எப்படியும் நீட்டலாம் என்பதற்கு அது வசதியான சாக்காகிவிடும். ஆனால் ஷாக்கோனில் அவர் செய்தது நேர்மையான வேலை.

நீவிவிடுவது என்று சொன்னேனே, அதற்கு ஒரு சின்ன, துல்லியமான உதாரணம் இருக்கிறது. பாக்கின் 'வெல்-டெம்பர்ட் கிளேவியர்' என்ற 1722 கீபோர்டு தொகுப்பின் முதல் பிரிலூட், சி மேஜர். மொத்தம் 35 பார், ஒவ்வொரு பாரிலும் ஒரு கார்டு உடைந்து உடைந்து ஒலிக்கும். 22ஆம் பாரில் கீழ் ஸ்வரம் எஃப் ஷார்ப். 23ஆம் பாரில் ஏ பிளாட். 24இல் ஜி. அதாவது ஜிக்குப் போய்ச் சேர வேண்டிய பாக், முதலில் அதற்குக் கீழே உள்ள ஸ்வரத்தைத் தொடுகிறார், அப்புறம் ஜியைத் தொடாமல் தாண்டி மேலே போகிறார், அதன் பிறகுதான் ஜியில் வந்து இறங்குகிறார். அந்தத் தாண்டல் கொஞ்சம் கரடுமுரடாக ஒலிக்கும், ஒலிக்கத்தான் வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாம்பர்க்கைச் சேர்ந்த ஷ்வெங்கே என்பவரின் பிரதியில் 22க்கும் 23க்கும் நடுவே ஒரு புதிய பார் முளைத்தது, அடியில் ஜியை வைத்து. இப்போது எஃப் ஷார்ப், ஜி, ஏ பிளாட் என்று படிப்படியாகப் போகிறது, காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் ஜியை முன்னாலேயே காட்டிவிட்டதால் 24ஆம் பாரில் வந்து இறங்குவதற்கு எந்த எடையும் இல்லாமல் போய்விட்டது. இந்தக் கூடுதல் பார் பல அச்சுப் பதிப்புகளில் புகுந்தது. பிரெஞ்சுக்காரரான கூனோ 1853இல் இந்தப் பிரிலூடின் மேல் தன் மெலடியை வைத்தபோது அவர் எடுத்துக்கொண்டதும் கூடுதல் பார் உள்ள வடிவம்தான். பிறகு 1859இல் 'ஆவே மரியா' என்று லத்தீன் சொற்கள் சேர்ந்து அது உலகமெங்கும் கல்யாணங்களிலும் துக்க வீடுகளிலும் பாடப்படுகிறது. மெலடி அழகானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே பாக் பின்னணி அலங்காரமாக மட்டுமே மிஞ்சுகிறார். ஒரு பாருக்காக இவ்வளவு வருத்தமா என்று கேட்பவர்கள் இரண்டு வடிவத்தையும் பியானோவில் மெதுவாக வாசித்துப் பார்க்கட்டும்.

விதிவிலக்கு என்று சொன்னது மெண்டல்சனின் இன்னொரு வேலையை. இயேசுவின் பாடுகளை மத்தேயு நற்செய்திப்படி சொல்லும் 'மத்தேயு பாடுகள்' இசையை பாக் முதலில் லைப்சிக்கில் 1727 வாக்கில் ஒரு பெரிய வெள்ளியன்று நடத்தினார். அவர் 1750இல் இறந்தபிறகு லைப்சிக்குக்கு வெளியே பொதுமக்கள் அதைக் கேட்டிருக்கவில்லை. மெண்டல்சனுக்கு அதன் பிரதி பாட்டி கொடுத்த பரிசாகக் கிடைத்தது. 1829 மார்ச் 11 அன்று பெர்லின் பாடகர் சங்கமான ஸிங்அகாடமியில் அவர் அதை நடத்திக் காட்டியபோது அவருக்கு வயது 20. ஏராளமாக வெட்டினார். தனிப்பாடல்கள் பல போயின, அன்று யாரிடமும் இல்லாத பழைய ஓபோ வகைகளுக்குப் பதில் கிளாரினெட் வைத்தார், கூட்டுப்பாடகர்கள் மட்டும் 150 பேருக்கு மேல். சிறிய குழுவை வைத்து பாக் செய்த நுணுக்கங்கள் அந்தக் கூட்டத்தில் எப்படிக் கேட்டிருக்கும்? நிச்சயம் மழுங்கித்தான் இருக்கும். ஆனாலும் அரங்கம் நிரம்பி வழிந்தது, பாக் பிறந்த நாளான மார்ச் 21இல் இன்னொரு முறை நடத்த வேண்டியதாயிற்று. அதற்குப் பின்னால்தான் பாக் என்பவர் இசைப் பண்டிதர்களின் அலமாரியிலிருந்து பொதுமக்களிடம் வந்தார். வெட்டியதை யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை, இன்று எவரும் அப்படி வெட்டுவதும் இல்லை. ஆனால் அன்று அந்த வெட்டு இல்லாமல் அந்த மாலையே நடந்திருக்காது. ஷாக்கோன் விஷயத்தில் அவர் மேல் எனக்குள்ள குறை இங்கே வாயை மூடிக்கொள்கிறது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் விளையாட்டே மாறிவிடுகிறது. இங்கே நான் அதிகம் சொல்ல விரும்புவது ஒரே ராகக்கருவைப் பற்றி.

1747 மே மாதம் பாக் பாட்ஸ்டாம் அரண்மனைக்குப் போகிறார், பிரஷ்ய மன்னர் ஃபிரெட்ரிக் ஒரு தீம் (நான் சொன்ன ராகக்கரு) கொடுத்து அதை வைத்து ஃபியூக், அதாவது ஒரே கரு பல குரல்களில் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து பின்னும் வடிவம், வாசிக்கச் சொல்கிறார். சி, ஈ பிளாட், ஜி, ஏ பிளாட் என்று ஏறிவிட்டுத் திடீரென்று கீழே பி-க்கு விழும், பிறகு அரையரை ஸ்வரமாக வழுக்கிக்கொண்டே இறங்கும். ஃபியூகுக்கு ஒத்துழைக்கிற தீம் இல்லை. அங்கேயே உட்கார்ந்து மூன்று குரலில் வாசித்துக் காட்டினார். ஆறு குரலில் வாசிக்கச் சொன்னபோது அதற்கு வேறு தீமை எடுத்துக்கொண்டார். ஊர் திரும்பியபிறகு மன்னர் கொடுத்த தீமிலேயே ஆறு குரல் ரிசர்கார் எழுதி, கேனன்களும் ஒரு சொனாட்டாவும் சேர்த்து 'இசைக் காணிக்கை' என்று அச்சிட்டு அனுப்பினார். அந்த ஆறு குரல் ஃபியூக் ஆறு தனி வரிகளில் அச்சாகியிருக்கிறது, எந்தக் கருவி என்ற குறிப்பு இல்லை. கீபோர்டில் இரண்டு கையாலேயே வாசித்துவிடலாம், ஆனால் ஆறு குரலும் ஒரே நிறத்தில் வருவதால் எது எங்கே போகிறது என்று பிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும்.

வியன்னாவின் அன்டன் வெபர்ன் 1934-35இல் இதைச் சிறிய ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். சாதாரணமாக ஒருவர் என்ன செய்வார்? ஆறு குரலுக்கும் ஆறு கருவிகள் கொடுப்பார், வேலை முடிந்தது. வெபர்ன் ஒரே குரலையே துண்டு துண்டாக வெட்டினார். அடைப்பு வைத்த டிரோம்போன் முதல் ஐந்து ஸ்வரங்களை எடுக்கிறது, அந்த வழுக்கிறங்கும் பகுதியை ஹார்னும் டிரம்பெட்டும் டிரோம்போனும் கைமாற்றிக்கொள்கின்றன, நடுநடுவே ஹார்ப் ஒற்றை ஸ்வரத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது. முதல் தடவை கேட்கும்போது மெலடி சிதறிப்போனதாகவே தோன்றும். நாலாவது ஐந்தாவது தடவை கேட்கையில் வெட்டிய இடங்கள் ஏனோதானோ என்று விழவில்லை என்று பிடிபடும், ஒவ்வொரு வெட்டும் ஒரு சின்ன சொற்றொடர் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடம். தீமின் உள்ளே இருக்கும் உறவுகளைக் காட்டுவதே தன் நோக்கம் என்று நடத்துநர் ஹெர்மன் ஷெர்ஹனுக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். பாக்கின் ஒரு ஸ்வரத்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனாலும் முதல் நொடியிலிருந்தே அது வெபர்னின் இசை. 1935 ஏப்ரலில் லண்டனில் பிபிசி ஆர்கெஸ்ட்ராவை வைத்து அவரே நடத்தினார்.

இதே தீம் இன்னொரு கைக்கு வந்தது. சோபியா குபைதுலினா, 1931இல் தாத்தார்ஸ்தானில் பிறந்தவர், சோவியத் காலத்தில் அதிகாரத்தின் அதிருப்தியில் வாழ்ந்தபடியே எழுதியவர். வயலின் கலைஞர் கிடோன் கிரேமருக்காக 1980இல் எழுதிய 'ஆஃபர்டோரியம்' என்ற வயலின் கான்செர்ட்டோ, மன்னரின் தீமை வெபர்ன் பாணியிலேயே கருவிக்குக் கருவி சிதறவிட்டுத் தொடங்குகிறது. ஆனால் கடைசி ஸ்வரம் மட்டும் வரவில்லை. அங்கே வயலின் நுழைகிறது. அதன் பிறகு தீம் ஒவ்வொரு முறை வரும்போதும் முன்னால் ஒரு ஸ்வரமும் பின்னால் ஒரு ஸ்வரமும் குறைந்துகொண்டே போகும், கடைசியில் நடுவில் ஒரே ஒரு ஸ்வரம் நிற்கும் வரை. காணிக்கை என்று தலைப்பு வைத்த பாக்கின் படைப்பிலிருந்து எடுத்த தீமையே அவர் காணிக்கையாகக் கொடுத்துவிடுகிறார். பிற்பாதியில் அது மீண்டும் கட்டப்படுகிறது, ஆனால் பின்னிருந்து முன்னாக. கடைசியில் தனி வயலின் முழுத் தீமையும் தலைகீழ் வரிசையில் வாசிக்கும்போது, கணக்குத் தெரியாதவருக்கும் ஏதோ ஒன்று திரும்பி வந்துவிட்டது என்று புரியும். குபைதுலினா ஆழ்ந்த மதநம்பிக்கை கொண்டிருந்தவர், இந்தக் கழித்தலும் திரும்புதலும் அவருக்குச் சிலுவையும் உயிர்த்தெழுதலும். நம்பிக்கை வேண்டாம் என்பவருக்கும் இசை அதே வலுவோடு வேலை செய்கிறது.

வெபர்னின் தோழர் ஆல்பன் பெர்க் பாக்கைத் தொட்ட விதம் இன்னும் வேறு. 1935 ஏப்ரலில் மனோன் குரோபியஸ் என்ற 18 வயதுப் பெண் போலியோவில் இறந்தார், இசையமைப்பாளர் மாலரின் மனைவியாக இருந்த அல்மாவின் மகள், பெர்க் குடும்பத்துக்கு நெருக்கமானவர். அப்போது எழுதிக்கொண்டிருந்த வயலின் கான்செர்ட்டோவை பெர்க் அவர் நினைவுக்காக்கினார். பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒருமுறை அடுக்கி அந்த வரிசையிலிருந்தே படைப்பைக் கட்டும் முறையில் எழுதியது அது, அந்த வரிசையின் கடைசி நான்கு ஸ்வரங்கள் முழு ஸ்வர இடைவெளிகளில் ஏறுகின்றன. பாக்கின் 60ஆம் எண் கான்டாட்டா முடிகிற துதிப்பாட்டும், போதும் ஆண்டவரே என்று விடைபெறும் அந்தப் பாட்டும், அதே இடைவெளிகளில்தான் ஏறித் தொடங்குகிறது. கடைசிப் பகுதியில் வயலின் அந்தப் பாட்டை எடுக்கிறது, பதிலுக்குக் கிளாரினெட்டுகள் பாக் அமைத்த ஹார்மனியை அப்படியே, ஒரு சின்ன ஆர்கனைப் போல வாசிக்கின்றன. 1723இல் எழுதியது 1935க்குள் வந்து உட்காரும் அந்த இடத்தில் ஒட்டுப்போட்ட தடமே இல்லை, இரண்டும் முன்பே ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த மாதிரி. பெர்க் அதே ஆண்டு டிசம்பரில் இறந்துவிட்டார், மேடையில் இதைக் கேட்கவே இல்லை. 1936 ஏப்ரலில் பார்சலோனாவில்தான் முதலில் வாசிக்கப்பட்டது.

இன்னும் சிலரை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பிரேசிலின் வில்லா-லோபோஸ் 1930க்கும் 1945க்கும் நடுவில் எழுதிய ஒன்பது 'பாக்கியானாஸ் பிரசிலெய்ராஸ்' பாக்கின் ஸ்வரங்களைத் தொடுவதில்லை, அவர் நடையை எடுத்துப் பிரேசில் மண்ணில் விதைக்கிறது. ஷோஸ்டகோவிச் 1950இல் பாக்கின் இருநூறாவது நினைவாண்டுக்கு லைப்சிக் போய்விட்டு வந்து 24 பிரிலூட்-ஃபியூக் ஜோடிகள் எழுதினார், என்னைக் கேட்டால் பாக்குக்குப் பின்னால் ஃபியூகை உயிரோடு எழுதியவர்களில் அவர்தான் தலையாயவர். ஜாக் லூசியேவின் ஜாஸ் மூவரும் (1959 முதல்) வெண்டி கார்லோஸின் சிந்தசைசர் பதிவும் (1968) பலரை பாக்கிடம் அழைத்து வந்தன. கார்லோஸ் செய்ததை வெறும் புதுமை என்று ஒதுக்காதீர்கள், குரல்களை ஒவ்வொன்றாகத் தனி நிறத்தில் பதிவு செய்து அடுக்கியதால் கவுண்டர்பாயிண்ட் (குரல்கள் ஒன்றோடொன்று பின்னும் விதம்) அவ்வளவு தெளிவாகக் கேட்கும். நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியின் ஆர்கெஸ்ட்ரா மாற்றங்கள் எனக்கு அதிகம் பிடிப்பதில்லை, பிரம்மாண்டம் இருக்கும் அளவுக்குக் காரணம் இருப்பதில்லை.

இனி அந்தத் துணைக்கேள்வி. மூலத்தையா, மாற்றங்களையா? மூலத்தை முதலில் கேளுங்கள், ஆனால் தூய்மைக்காக அல்ல. மாற்றியவர் எதைத் தொட்டார், எதை விட்டார் என்று தெரிந்தால்தான் அவர் செய்ததன் அருமை தெரியும். ஷாக்கோனை முதலில் தனி வயலினில் கேளுங்கள், ஒரே வாரத்தில் இரண்டு மூன்று பேர் வாசித்ததைக் கேட்டால் இன்னும் நல்லது. பிறகு பிராம்ஸ், பிறகு புசோனி, இதே வரிசையில். ரிசர்காரை ஹார்ப்சிகார்டிலோ பியானோவிலோ கேட்டுவிட்டு வெபர்னுக்கு வாருங்கள். அது எட்டு நிமிடம் போல்தான் ஓடும், அதனால் ஒரே மூச்சில் மூன்று முறை கேட்கலாம், மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தீமை மட்டும் கருவிக்குக் கருவி பின்தொடருங்கள். வெபர்ன் உடனே பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம், பெர்க்கிடம் போய்விட்டு வாருங்கள், பெர்க் கையைப் பிடித்துக்கொண்டு போவார். குபைதுலினாவை மட்டும் ரிசர்காரின் தீம் மனப்பாடமாகும் வரை தள்ளிப்போடுங்கள், வாய்விட்டுப் பாடும் அளவுக்குத் தெரிந்திருந்தால்தான் அங்கே ஒவ்வொரு ஸ்வரமாகக் குறைவது காதில் விழும்.